பெயருக்குப் பின்னால் ஒரு ‘லெப்பை’: ரங்கூன் குடும்பம், சொந்த ஊர் எது?

யாங்கோன்_பேரன் கேட்கிறார்:

அஸ்ஸலாமு அலைக்கும். மற்றவர்களுக்கு வணக்கம். நான் யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், பிறந்து வளர்ந்தவன். தமிழ் எழுத்து மதரஸாவிலும் வீட்டிலும் பழகியதுதான், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து ரங்கூனுக்கு முதலில் வந்தவர் என் பாட்டனாரின் தகப்பனார். இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பித்த அவருடைய வெளிநாட்டவர் பதிவுச் சான்று இன்னும் எங்களிடம் இருக்கிறது. அதில் இரண்டு இனிஷியல், அப்புறம் பெயர், கடைசியில் லெப்பை. பாட்டனாரின் அடையாள அட்டையில் லெப்பை கிடையாது. அத்தா (தகப்பனார்) அட்டையில் பர்மியப் பெயர் மட்டும்தான், என்னுடையதிலும் அப்படியே.

அந்தப் பெயரை எல்லோரும் மறந்தே போயிருந்தோம். பெரியத்தா மகன் பினாங்கில் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்ததாம். எதை எழுதுவது என்று தெரியாமல் லெப்பை என்று எழுதிவிட்டான். இப்போது கூட வேலை செய்யும் மலாய்க்காரர்கள் “வா, வந்து தொழ வை” என்று அவனைக் கிண்டல் செய்கிறார்களாம்.

இணையத்தில் தேடினால் இலங்கை, தமிழ்நாடு, மலேசியா, தென்னாப்பிரிக்கா என்று எங்கெங்கோ காட்டுகிறது. இது அரபுப் பெயரா? எந்த ஊர்க்காரர்களுடையது? இதை வைத்து ஊரில் சொந்தக்காரர்களைக் கண்டுபிடிக்க முடியுமா? எங்கள் பாட்டி, அதாவது நன்னிக்கு வயதாகிவிட்டது. அவர் இருக்கும்போதே தெரிந்துகொள்ள ஆசை.

மோல்மீன்_சேது:

வணக்கம் தம்பி. நாங்கள் இந்துக் குடும்பம், ஆனால் கதை ஒன்றுதான். என் தாத்தா பெயருக்குப் பின்னால் பிள்ளை இருந்தது, அப்பா காலத்தில் போய்விட்டது. பர்மாவில் குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லையே. 1947இல் பர்மியத் தலைவர் ஆங் சானோடு சேர்த்துச் சுடப்பட்ட ஊ ரசாக்கைப் பாருங்கள். அவருடைய தந்தை இந்திய முஸ்லிம், தாய் பர்மியப் பௌத்தர். தந்தை பெயரில் ஒரு துண்டுகூட மகன் பெயரில் கிடையாது. முன்னால் ஊ என்ற பர்மிய மரியாதைச் சொல், அப்புறம் ரசாக், அவ்வளவுதான்.

லெப்பை என்பது யூதர்களின் லேவி என்ற பெயர்தான் என்று இங்கே ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும். நம்ம மோகல் தெரு காக்கா இந்தப் பக்கம் வந்தால் நல்லது.

மோகல்தெரு_காக்கா:

வ அலைக்குமுஸ்ஸலாம் தம்பி. கூப்பிட்டதற்கு நன்றி சேது.

பழைய மோகல் தெருவில், இப்போது ஷ்வே பொந்தா தெரு என்கிறார்களே அங்கே, ரொம்ப காலம் கடை வைத்திருந்தேன். வருகிறவர்கள் பாட்டனார் காலத்துக் காகிதங்களைக் கொண்டுவந்து, “காக்கா, அரபி மாதிரி இருக்கு, ஆனா பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கே புரியலை” என்று நீட்டுவார்கள். அரபி எழுத்தில் எழுதிய தமிழ் அது. அரபுத்தமிழ் வாசிக்கிறவர்கள் இங்கே குறைந்துபோனதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. அப்படி வந்த காகிதங்களில் லெப்பைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உன் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். லெப்பை என்ற பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு சொந்தம் தேடாதே. அது ஒரு குடும்பத்தின் பெயர் இல்லை. சில ஊர்களில் ஒரு வேலையின் பெயர், சில ஊர்களில் ஒரு கூட்டத்துக்கே பெயர். கீழக்கரை லெப்பைக்கும் வாணியம்பாடி லெப்பைக்கும் கொள்வினை கொடுப்பினை இருந்ததே இல்லை.

வேருக்கு வருகிறேன். லேவி கதையை விட்டுவிடு சேது. கிழக்கிலங்கையில் லெப்பையை லெவ்வை என்று சொல்வார்கள். அந்த ஓசைதான் அந்தக் கதைக்குச் சோறு போட்டு வளர்த்தது.

நம் வீடுகளில் சொல்வது ஹஜ்ஜில் முழங்கும் ‘லப்பைக்’ என்ற சொல்லை. “இதோ வந்துவிட்டேன் இறைவா” என்ற அந்தப் பதில் குரல்தான், அரபுக் கப்பல்காரர்களின் வழியில் வந்தவர்களுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது என்பார்கள். இன்னொரு கதையை மார்க் வில்க்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1810இல் வெளிவந்த தன் மைசூர் வரலாற்று நூலில் எழுதி வைத்தார். ஈராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜ் இப்னு யூசுபின் கொடுமை தாங்காமல் நபிகளின் ஹாஷிம் குலத்தார் சிலர் கப்பலேறினார்களாம். கொங்கணக் கரையில் இறங்கியவர்கள் நவாயத்துகள், கன்னியாகுமரியைச் சுற்றிக் கிழக்கே போனவர்கள் லெப்பைகள். லெப்பைகள் இப்படிச் சொல்ல, நவாயத்துகளோ “அவர்கள் எங்கள் வீட்டு அடிமைகளின் வழிவந்தவர்கள்” என்றார்களாம். அதையும் அவர் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார். பங்காளிச் சண்டையில் இரண்டு பக்க வாக்குமூலமும் கிடைத்த மாதிரி. ஹஜ்ஜாஜ் செத்தது 714இல். அதற்குப் பிறகு ஆயிரத்துச் சொச்சம் வருஷம் வாய்வழியே வந்த பேச்சு இது. 1810க்கு முன்பே இந்தப் பெயர் ஒரு பெரிய கூட்டத்துக்கு வழங்கியது என்பதைத் தவிர அதிலிருந்து நான் எதையும் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நான் நிற்பது லப்பைக் பக்கம். ஏன் என்று சொல்கிறேன். இலங்கையில் லெப்பை என்றால் பள்ளிவாசலில் நிக்காஹ் ஓதுகிறவர், மையித்து, அதாவது சாவுக் காரியம் பார்க்கிறவர், பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறவர். தென்கேரளத்திலும் கிட்டத்தட்ட அதே வேலைதான். தஞ்சாவூர், திருச்சிப் பக்கத்து ஊர்களில் “ஆடு அறுக்கணும், லெப்பையைக் கூப்பிடு” என்பார்கள். கடல் தாண்டி மலாய் நாட்டுக்குப் போனால், அங்கே லெபாய் என்பது தொழுகை, ஓதல் என்று இருக்கும் பெரியவருக்குப் பட்டம். தமிழ் முஸ்லிம்கள் கொண்டுபோன சொல் அது. உன் பெரியத்தா மகனை ஏன் தொழ வைக்கக் கூப்பிடுகிறார்கள் என்று இப்போது புரிகிறதா? இங்கே ஒருவர் தன் குடும்பப் பெயர் ‘ஹஜ்ரத்’ என்று எழுதினால் நாம் சிரிக்க மாட்டோமா! இத்தனை கரைகளிலும் ஒரே வேலைக்கு ஒரே சொல் இருந்தால், கரையை விட்டுக் கிளம்பும் முன்பே அந்தப் பொருள் அதில் இருந்திருக்க வேண்டும். கூட்டத்தின் பெயர் என்பது பிறகு வந்தது.

இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பது. தமிழ்நாட்டில் பெயரோடு லெப்பை சேர்த்து எழுதுவது கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கரையோர ஊர்களில்தான் எனக்குத் தெரிந்து. அங்கே அது ஆலிம், அதாவது மார்க்க அறிஞர் வீடுகளின் அடையாளம். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்று கேள்விப்பட்டிருப்பாய். 1816இல் காயல்பட்டினத்தில் பிறந்து, கீழக்கரையில் வாழ்ந்து, 1898இல் மறைந்தவர். அரபியிலும் அரபுத்தமிழிலும் எழுதியவர். அந்தப் பெயரில் மாப்பிள்ளையும் குடும்பப் பெயர் இல்லை, லெப்பையும் குடும்பப் பெயர் இல்லை. இரண்டும் ஊர் கூப்பிட்ட மரியாதை.

வடக்கே வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் தோல் வியாபாரம் செய்யும் முஸ்லிம்களில் தமிழ் பேசுகிறவர்கள் மொத்தப் பேரும் லப்பைகள். பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறவர்களும் லெப்பைகள். இவர்களில் யாரும் அதைப் பெயரோடு சேர்த்துக் கையெழுத்துப் போடுவதில்லை. அரசாங்கக் கணக்கோ இன்னும் அகலம். 2007இல் தமிழ்நாடு அரசு முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம் தனி இடஒதுக்கீடு கொடுத்தபோது, பட்டியலில் லப்பை என்று போட்டு, மற்றத் தமிழ் முஸ்லிம் கூட்டங்களான இராவுத்தரும் மரைக்காயரும் அதற்குள் அடக்கம் என்று எழுதிவிட்டது. ஆகவே அங்கே சாதிச் சான்றிதழில் லப்பை என்று இருப்பவர்கள் லட்சக்கணக்கில், பெயரில் லெப்பை இருப்பவர்கள் கொஞ்சம் பேர். தேடினால் குழப்பம் வராமல் என்ன செய்யும்?

இணையத்தில் இலங்கை முன்னால் வருவதற்குக் காரணம் வேறு. கிழக்கு மாகாணத்தில் காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று எங்கே போனாலும் மீராலெப்பை, ஆதம்லெப்பை, இஸ்மாலெப்பை என்று பெயர்கள். வாப்பா (தகப்பனார்) பெயரை முன்னால் இனிஷியலாகப் போடாமல் பின்னால் முழுதாக எழுதும்போது லெப்பை கடைசியில் போய் நிற்கிறது, கணினி அதைக் குடும்பப் பெயர் என்று எண்ணிவிடுகிறது. கண்டியில் 1838இல் பிறந்த சித்தி லெப்பையை அங்கே எல்லோருக்கும் தெரியும். வழக்கறிஞர், 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகை தொடங்கியவர்.

தென்னாப்பிரிக்காவை மட்டும் அடித்துவிடு. அங்கே உள்ள லுப்பே வெள்ளைக்காரப் பெயர், டச்சு, ஜெர்மன் பக்கத்திலிருந்து வந்தது. 1933இல் ஜெர்மன் நாடாளுமன்றம் எரிந்த வழக்கில் தலை போனானே வான் டெர் லுப்பே, அவன் வகை. ஆங்கிலத்தில் எழுதினால் நம் லெப்பையும் அதுவும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். அதை நம்பி யாரும் கேப் டவுனுக்குக் கடிதம் போட வேண்டாம்.

சரி, நம்ம பர்மா. இங்கே அட்டையில் பெயர், அப்பா பெயர், இனம், மதம் எல்லாம் கேட்பார்கள், குடும்பப் பெயருக்குக் கட்டம் இல்லை. பிரிட்டிஷ்காரன் வழக்கப்படி எழுதிய பழைய காகிதங்களில்தான் லெப்பை, மரைக்காயர், இராவுத்தர் எல்லாம் நிற்கும். உன் பூட்டனார் குடியுரிமை எடுக்காமல் வெளிநாட்டவராகவே இருந்ததால் அவர் பெயர் முழுசாகத் தப்பியது. அந்தச் சான்றுக்காக அவர் என்ன பாடுபட்டாரோ, உனக்கு அது லாபமாகிவிட்டது.

இப்போது சொந்த ஊர். நான் கேட்பதற்கு நன்னியிடம் விசாரித்துப் பதில் சொல்.

ஒன்று, பூட்டனார் சுபுஹு (அதிகாலை) தொழுகையில் குனூத் என்ற வேண்டுதலை ஓதுவாரா? கரையோர ஊர்க்காரர்கள் ஷாபி மத்ஹப் (மார்க்கச் சட்டப் பிரிவு), சுபுஹில் குனூத் உண்டு. வாணியம்பாடிப் பக்கத்தவர்களும் இராவுத்தர்களும் ஹனபி, அவர்களுக்குச் சுபுஹில் கிடையாது. இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வரைபடம் கழிந்துவிடும்.

அப்புறம், அவரைப் பிள்ளைகள் எப்படிக் கூப்பிட்டார்கள்? நீ அத்தா என்கிறாய், நன்னி என்கிறாய். அது இராவுத்தர் வீட்டுப் பேச்சு, பெண் எடுத்த வழியில் வந்திருக்கலாம். கீழக்கரை, காயலில் வாப்பா, உம்மா, அண்ணனுக்குக் காக்கா, அக்காளுக்கு லாத்தா அல்லது ராத்தா. நாகூர், காரைக்கால் பக்கம் போனால் அண்ணன் நானா ஆகிவிடுவார்.

பதிவுச் சான்றில் ஊர் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது? இனிஷியல் என்ன என்பதை மட்டும் இங்கே பொதுவில் போடாதே, எனக்குத் தனியாக அனுப்பு.

பெகு_லாத்தா:

காக்கா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கீழக்கரை, காயலில் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பார். வீடு பெண் பிள்ளைகளுக்குத்தான். ஆகவே லெப்பை வீடு எது என்று ஆண் வழியில் கேட்டுக்கொண்டு போனால் தெருத்தெருவாகச் சுற்ற வேண்டியதுதான். அவருடைய உம்மா எந்த வீடு, கூடப் பிறந்த லாத்தாமார் எந்த வீடு என்று கேட்டால் சீக்கிரம் கிடைக்கும். எங்கள் குடும்பத்தில் அப்படித்தான் கிடைத்தது. இருபது கடிதம் ஆண்கள் எழுதியும் பதில் வராதது, என் மாமி ஒரு பெண்பிள்ளை பெயரைச் சொல்லி விசாரித்ததும் வந்தது.

இன்னொன்றும் சொல்கிறேன், மனம் நோகாதே தம்பி. இங்கே கடை வைத்த பெரியவர்களில் பலருக்கு ஊரிலும் ஒரு குடும்பம் இருந்தது. 1942இல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது நடந்தே போனவர்களும் உண்டு, இங்கேயே நின்றவர்களும் உண்டு. 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு கப்பலேறியவர்கள் பாதிக் குடும்பத்தை இங்கே விட்டுப் போனார்கள். பர்மாவிலிருந்து கடிதம் வந்தால் சொத்துக்குப் பங்கு கேட்கத்தான் என்று அங்கே பயப்படுவார்கள். முதல் கடிதத்திலேயே “எங்களுக்கு எதுவும் வேண்டாம், யார் எவர் என்று தெரிந்தால் போதும்” என்று எழுதிவிடு.

யாங்கோன்_பேரன்:

காக்கா, லாத்தா, இரண்டு பேருக்கும் அல்லாஹ் நற்கூலி தரட்டும். சேது அண்ணனுக்கும் நன்றி.

நன்னியிடம் கேட்டேன். குனூத் என்றதும் உடனே பிடித்துக்கொண்டார். அவருடைய மாமனார், அதாவது பூட்டனார், வீட்டில் தொழ வைக்கும்போது சுபுஹின் கடைசி ரக்அத்தில் எழுந்து நின்று கையேந்தி நெடுநேரம் ஓதுவாராம். கல்யாணமாகி வந்த புதிதில் நன்னிக்கு அது விளங்கவில்லையாம். “எங்க வீட்டுல இப்படி இல்லையே” என்று கேட்டதற்கு, “நாங்க ஷாபி, நீங்க ஹனபி” என்று பாட்டனார் சொன்னாராம். நன்னியின் குடும்பம் திருச்சிப் பக்கத்து இராவுத்தர். எங்கள் வீட்டு அத்தா, நன்னி எல்லாம் அவர் கொண்டுவந்த பேச்சுதான். பாட்டனார் தன் தகப்பனாரை வாப்பா என்றுதான் கூப்பிட்டாராம். நாங்கள் இப்போது பக்கத்துப் பள்ளிவாசல் வழக்கப்படி ஹனபியாகவே தொழுகிறோம், அதனால் எனக்கு இது தெரியவே இல்லை.

சான்றில் ஊர் இல்லை, ராம்நாட் (இராமநாதபுரம்) என்று ஜில்லா மட்டும் இருக்கிறது. லெப்பை வேலை பார்த்தாரா என்றால், இல்லை, கடைதான் என்கிறார் நன்னி. ஆனால் தெருப் பிள்ளைகளுக்கு அஸர் (மாலை) தொழுகைக்குப் பிறகு கடைக்கு மேலே ஓதிக்கொடுத்தாராம்.

மோகல்தெரு_காக்கா:

பார்த்தாயா, பாதி வேலை முடிந்தது. ஷாபி, வாப்பா, ராம்நாட் ஜில்லா, ஓதிக்கொடுத்த பழக்கம். வாணியம்பாடியும் பத்தமடையும் கழிந்தன, காயல்பட்டினமும் கழிந்தது, அது திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த ஊர். அதற்காக மிச்சம் கீழக்கரை மட்டும்தான் என்று முடிவு கட்டிவிடாதே. பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி எல்லாம் அதே கரைதான். கீழக்கரை பெரிய பெயர் என்பதால் பக்கத்து ஊர்க்காரர்களும் ரங்கூனில் கீழக்கரை என்றே சொல்லிக்கொண்டதுண்டு.

நீ தனியாக அனுப்பிய இனிஷியலைப் பார்த்தேன். அந்த ஊர்களில் ஆட்களை அடையாளம் சொல்வது இனிஷியலை வைத்துத்தான். அதில் வீட்டுப் பெயரும் வாப்பா பெயரும் அடங்கியிருக்கும். ஆனால் உன்னிடம் இருப்பது ஆங்கில எழுத்து. எழுத்தர் ‘எஸ்’ என்று எழுதியது செ-வா, சு-வா, ஷா-வா, சொல்ல முடியாது. தமிழிலோ அரபுத்தமிழிலோ எழுதியது ஒன்று வேண்டும். கடை முத்திரை, சரக்குப் பில், பழைய கடிதம், எதுவானாலும் சரி. ஓதிக்கொடுத்தவர் என்றால் கிதாபு (மார்க்க நூல்) வைத்திருந்திருப்பார். குர்ஆன், கிதாபுகளின் முன்பக்க வெற்றுத் தாளில்தான் அந்தக் காலத்தில் பிள்ளை பிறந்தது, மையித்து ஆனது எல்லாம் எழுதி வைப்பார்கள். பரணில் தேடு. கரையான் அரித்திருந்தாலும் தூக்கிப் போடாதே, கொண்டு வா, பார்க்கலாம்.

ரங்கூன் சூலியா பள்ளிவாசலில் பழைய நிக்காஹ் தஃப்தர் (திருமணப் பதிவேடு) இருக்கிறதா என்றும் பாங்கு சொல்லும் மோதினாரிடம் கேட்டுப் பார். பாட்டனாருக்கும் நன்னிக்கும் நிக்காஹ் நடந்தது ரங்கூனில் என்றால், மாப்பிள்ளையின் வாப்பா பெயர் அதில் தமிழ்ப்படி எழுதியிருக்க வாய்ப்பு உண்டு. வெள்ளிக்கிழமை போகாதே, யாருக்கும் பேச நேரமிருக்காது.

உன் பெரியத்தா மகனுக்கு ஒரு சேதி. பெயரை மாற்ற வேண்டாம், இனிமேல் மாற்றினால் பாஸ்போர்ட்டு, பெர்மிட்டு எல்லாம் சிக்கல். அவனுக்குப் பிறக்கிற பிள்ளைகளுக்கும் அது ஒட்டிக்கொண்டே போகும். இரண்டு தலைமுறை கழித்து பினாங்கில் ஒரு லெப்பைக் குடும்பம் இருக்கும், அதன் வேர் எது என்று யாராவது இங்கே வந்து கேட்பார்கள்.

மோல்மீன்_சேது:

காக்கா, அந்த லேவி நண்பரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டினேன். அவர் இப்போது மரைக்காயரைப் பிடித்துக்கொண்டார். அது அரபியில் கப்பலைக் குறிக்கும் மர்கப் என்பதிலிருந்து வந்ததா, நம் மரக்கலத்திலிருந்து வந்ததா என்று கேட்கச் சொல்கிறார்.

மோகல்தெரு_காக்கா:

இரண்டுக்கும் ஆள் இருக்கிறது சேது, இரண்டு பக்கமும் கப்பல்தான். தனித் திரி போடச் சொல். இந்தத் தம்பி பரணிலிருந்து இறங்கி வரட்டும் முதலில்.